ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் குன்றேறாமல் திரும்பாதீர்கள்

வாஷிங்டன் வட்டாரத்துத் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். வெள்ளை மாளிகை பார்த்தாகிவிட்டது. அடுத்து எங்கே என்ற பேச்சு எழும்போது யாராவது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்பார்கள். மேற்கு வர்ஜீனியாவில் முந்நூறு பேர்கூட வசிக்காத சிற்றூர். காரில் ஒன்றரை மணி நேரம். பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் முனையில் படம் எடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் வீடு. நானும் மூன்று முறை அப்படித்தான் திரும்பினேன். எனவே இதைக் குற்றப்பத்திரிகையாக எண்ண வேண்டாம்.

ஆறுகள் கூடும் இடத்தின்மேல் நம் பெரியவர்களுக்குத் தனிப் பிரியம். என் மாமியார் பவானி கூடுதுறையை நினைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 1783-இல் இங்கே வந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனும் இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக்கைக் கடந்து வரலாம் என்ற பொருள்பட எழுதினார். காட்சியில் குறையில்லை. என் ஆதங்கம் கட்டடங்களைப் பற்றியது.

முனைக்கு அருகிலேயே செங்கல்லால் ஆன சிறு கட்டடம் ஒன்று நிற்கிறது. மூன்று வளைவுக் கதவுகள், உச்சியில் ஒரு மணிக்கூண்டு. ‘ஜான் பிரவுன் கோட்டை’ என்பது பெயர். உண்மையில் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தீயணைப்பு வண்டிக் கொட்டகை, 1848-இல் கட்டியது. அடிமைகளை விடுவிக்க ஆயுதம் வேண்டும் என்று 1859 அக்டோபர் 16 இரவு இருபத்தொரு பேருடன் வந்த ஜான் பிரவுன் என்ற வெள்ளையர் கடைசியில் ஒடுங்கியது இதற்குள்தான். 18-ஆம் தேதி காலை ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தலைமையில் மரீன் படை வீரர்கள் கதவை உடைத்துப் பிடித்தார்கள். டிசம்பர் 2-இல் தூக்கு. அந்தத் தாக்குதலில் முதலில் உயிரிழந்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற ரயில்வே ஊழியர். அவர் கறுப்பினத்தவர், அடிமையாக இல்லாத சுதந்திர மனிதர். பிரவுனை வீரன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதன்பின் அந்தக் கொட்டகை பட்ட பாடு பெரிது. வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் ஊர் எட்டு முறை கைமாறியது; தொழிற்சாலையில் தப்பியது இது ஒன்றே. 1891-இல் விற்றுப் பிரித்துச் சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் பார்க்க வந்தவர்கள் பதினொரு பேர்! அங்கேயே காலி மனையில் போட்டுவிட்டார்கள். கேட் ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் நிதி திரட்ட, 1895-இல் ஊருக்கு வெளியே மர்ஃபி பண்ணையில் மீண்டும் எழுந்தது. 1909-இல் ஸ்டோரர் கல்லூரி வாங்கிக் குன்றின்மேல் தன் வளாகத்தில் நிறுத்தியது. 1968-இல் மறுபடி கீழே இறக்கினார்கள். பழைய இடத்தை ரயில் பாதைக்கான மண்மேடு மூடிவிட்டதால் ஏறக்குறைய 150 அடி தள்ளித்தான் நிற்க முடிந்தது. பழைய இடத்தைக் காட்ட ஒரு கல்தூண் இருக்கிறது. நாம் அதன்மேல் கைப்பையை வைத்துப் படம் எடுக்கிறோம்.

கீழ்த்தெருவில் 1782-இல் முடிந்த ஹார்ப்பர் வீடு இருக்கிறது. கட்டிய படகோட்டி ராபர்ட் ஹார்ப்பருக்கு அதில் குடியிருக்கக் கொடுத்துவைக்கவில்லை. பாறையிலேயே செதுக்கிய படிகளில் ஏறினால் புனித பீட்டர் தேவாலயம். போர்க்காலத்தில் இருதரப்புக் குண்டுகளுக்கும் தப்பப் பாதிரியார் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிவைத்தாராம். சமயோசிதம்!

பெரும்பாலோர் இங்கே மூச்சு வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் மேலே போங்கள். முழங்கால் வலிக்காரர்களைக் காரிலேயே கொண்டுபோகலாம். அங்கேதான் ஸ்டோரர் வளாகம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1865-இல் லாக்வுட் இல்லத்தில் தொடங்கிய பள்ளியே ஸ்டோரர் கல்லூரியாக வளர்ந்து 1955 வரை இயங்கியது. 1881-இல், அடிமையாகப் பிறந்து தப்பி அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸ் இங்கே ஜான் பிரவுனைப் போற்றிப் பேசியபோது, பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை கேட்டு வாதாடிய அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹன்டரும் அதே மேடையில் அமர்ந்திருந்தார். அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டு அந்தப் புல்வெளியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

1906 ஆகஸ்டில் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் முதலானோர் கூடிய, கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான நயாகரா இயக்கத்தின் மாநாடும் இங்கேதான். 17-ஆம் தேதி விடியற்காலையில் அவர்கள் மர்ஃபி பண்ணையிலிருந்த அந்தக் கொட்டகைக்கு நடந்து போனார்கள். நெருங்கியதும் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டார்கள். ஏன் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டடம் இடம் மாறிவிட்டாலும் பண்ணையில் அதன் அடித்தளக் கற்கள் இன்றும் கிடக்கின்றன. அடுத்த முறை விருந்தினரை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். ஐஸ்கிரீம் கடைக்கு மாலையில் போய்க்கொள்ளலாம்.

அன்புடன்,
மூன்று முறை படியோடு திரும்பியவன்