தலைமையாசிரியர் கடிதம்: பருவச் செய்திகளும் வெள்ளிக்கிழமைக் கண்மாய் நடையும்

நாள்: 2.2.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் ஒருவழியாகப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களும் உங்கள் கைக்கு வந்திருக்கும். வழக்கம்போல இந்தப் பருவத்தின் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். கபடியில் பரிசும் வாங்கினார்கள். கலைப் போட்டியில் ஒயிலாட்டக் குழுவுக்குப் பாராட்டுக் கிடைத்தது. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது. குடிநீர்த் தொட்டிக்குப் புதுக் குழாய் போட்டாகிவிட்டது. உழைத்த எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவும் சேர்த்து 71 பிள்ளைகள். போன ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், அதாவது 2.45 முதல் 4.05 வரை, அவர்களைக் கண்மாய்க் கரைக்கு நடத்திக் கூட்டிப்போகிறோம். தொடங்கிய புதிதில் 68, 69 பேர் வந்தார்கள். ஜனவரி 30 அன்று வந்தவர்கள் 29 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் காலையில் நன்றாக இருந்து, மதியம் சாப்பிட்டு, இரண்டு மணிக்குமேல் காய்ச்சல் கண்டவர்கள். என் மேஜையில் இப்போது ஒரு கட்டு லீவ் லெட்டர் இருக்கிறது. எல்லாவற்றிலும் வயிற்றுவலி அல்லது காய்ச்சல். ஒன்றில் அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருக்கிறான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்ததால் அவனை அதிகம் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வருகிற இந்தக் காய்ச்சல் திங்கட்கிழமை காலைக்குள் எல்லோருக்கும் குணமாகிவிடுகிறது.

விசாரித்தால் பாதிப் பேர் அந்த நேரத்தில் டியூஷனில் இருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மதிப்பெண்ணைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. முப்பது வருஷமாக அதைத்தான் சாப்பிடுகிறேன். டிசம்பரில் சில பெற்றோர் நேரில் வந்து, "சார், அந்த ரெண்டு பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துடலாமே" என்று மரியாதையாகவே கேட்டார்கள். அன்று ஆசிரியர் கூட்டம் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு நம் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிட்டப்பார்வை என்று சீட்டு வாங்கி வந்த பிள்ளைகளின் வரிசையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. நான் மாணவனாக இருந்தபோது கண்ணாடி போட்ட பையன் வகுப்புக்கு ஒருவன் இருந்தால் அதிகம். அவனுக்குப் பட்டப்பெயரும் அதுதான். இன்று மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தால் போர்டு தெரியவில்லை என்கிறார்கள்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி தேவைக்குமேல் நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. நீண்டுபோன விழி திரும்பக் குட்டையாவதில்லை. வெளிவெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரந்து அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்று கண் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் வகுப்பறையின் டியூப்லைட் வெளிச்சம் லக்ஸ் என்ற வெளிச்ச அளவில் சில நூறுதான். வெளியே மரத்தடி நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும்; உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் வரை போகும். இந்த வித்தியாசத்தை எந்த பல்பும் ஈடுகட்டாது.

சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் ஆறு பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கும் வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த ஆறு பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற ஆறில் 39.5 சதவீதம். இது 2015ல் வெளியான ஆய்வு. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்மாய்க் கரையில் நின்றால் பவர் இறங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை; அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னும் வராத பிள்ளைக்குத்தான் இது பெரிய உதவி. சீக்கிரம் வந்தால் பவர் கூடிக்கொண்டே போகும் காலமும் நீளும் என்பதால், ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் லாபம்தான்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்த இன்னொரு ஆய்வு 2019ல் வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இயற்கையில் கழித்தவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது, அப்படிப் போகாதவர்களைவிட அதிகம். உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்கள் என்றும் இதைத் திருப்பிச் சொல்லலாம். அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியானாலும் கணக்கு எளிது. பள்ளி 80 நிமிடம் கொடுக்கிறது. மீதி 40 நிமிடம் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையில் இருக்கிறது.

அந்த 80 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. சும்மா சுற்றிவிட்டு வருகிறார்கள் என்று ஒரு பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது. ஜூலையில் போனபோது கண்மாய் வறண்டு கிடந்தது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம், வெடித்த மண், நாலைந்து ஆடுகள். பிள்ளைகளுக்கே சலிப்புத்தான். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தபிறகு கதை மாறிவிட்டது. வாராவாரம் மடைக்கல்லில் தண்ணீர் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று எண்ணி நோட்டில் குறித்தார்கள். அதை வரைபடமாகப் போட்டது கணக்கு வகுப்பில். கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கல்கட்டான கலுங்கைத் தொட்டு மறுகால் பாய்ந்த வாரம் எழுந்த சத்தத்தில், ஊருக்குள்ளிருந்து இரண்டு பேர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

பறவைகளை எழுதச் சொன்னபோது முதல் வாரம் எல்லா நோட்டிலும் "கொக்கு" என்ற ஒரே வார்த்தை. இப்போது நெற்றியில் வெள்ளை நாமம் போட்டதுபோல் இருக்கும் நாமக்கோழி, முங்கினால் வேறு இடத்தில் எழும் முக்குளிப்பான், சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை என்று எழுதுகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருக்கிறான். அவன் வீட்டில் கண்மாய் மீன்பிடிப்புத் தொழில். கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் எங்கே ஒதுங்கும் என்று அவன் சொல்ல, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். இத்தனை வருஷம் அயிரைமீன் குழம்பு சாப்பிட்ட எனக்கு, அயிரைக்கு ஓடுகிற தண்ணீரும் மணலும் வேண்டும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அப்புறம் இன்னொன்று: வெள்ளிக்கிழமை கரைக்குப் போய்வந்த பிள்ளைகள் அன்று இரவு ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவதாக மூன்று அம்மாக்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். போன் எங்கே என்று தேடவில்லையாம்.

உங்கள் பயங்களில் நியாயமானவையும் உண்டு. தண்ணீர் நிறைந்த கண்மாய் விளையாட்டுக் காரியம் இல்லை. அதனால் பிள்ளைகள் கரையின் மேலேயேதான் நடப்பார்கள். மடைப் பக்கமோ கலுங்குப் பக்கமோ யாரும் இறங்கக் கூடாது. உடற்கல்வி ஆசிரியரும் இரண்டு வகுப்பாசிரியர்களும் கூடவே இருப்பார்கள். பாம்பு இருக்கும் என்கிறீர்கள், இருக்கும். புதருக்குள் யாரையும் விடுவதில்லை, ஷூ இல்லாமல் கூட்டிப்போவதில்லை. நவம்பரில் ஒரு மாணவி சறுக்கி விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள். அதை அன்றே போனில் சொல்லாமல் டைரியில் எழுதி அனுப்பியது எங்கள் தவறு. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன். இனிச் சின்னக் காயம் என்றாலும் நாலரை மணிக்குள் உங்களுக்குப் போன் வரும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் பிறந்ததும் நடையைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றிவிடுவோம். மூன்று மணி வெயில் பிள்ளைக்கு ஆகாது என்று எழுதியவர்களில் சிலர், பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றதாக அந்தப் பிள்ளைகளே பெருமையாகச் சொன்னார்கள். அதை நான் கேட்டதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒரு காரணத்தை மட்டும் என்னால் சிரித்து விடமுடியவில்லை. "வெயிலில் போனால் கறுத்துவிடுவாள், அனுப்ப வேண்டாம்" என்று நான்கு பேர் டைரியில் எழுதியிருக்கிறீர்கள். நான்கும் பெண் பிள்ளைகள். அதை எழுதி அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். அவள் படித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினாள். பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு மாலை வாங்கிக்கொண்டு அழகர்கோவில் போகிற நாம் இதை எழுதலாமா? இந்தக் காரணத்துக்காக இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் அனுமதி கிடையாது.

நடைமுறையையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நடை ஒரு வகுப்பு, வருகைப்பதிவு உண்டு. பிப்ரவரி 6 முதல், மதியத்துக்குமேல் பிள்ளையை அழைத்துப்போக வேண்டுமென்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும்; அது அரைநாள் விடுப்பாகப் பதிவாகும். டியூஷன் ஆட்டோக்காரரிடம் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம். இரண்டு வாரம் தொடர்ந்து காய்ச்சல் என்றால் மருத்துவர் சீட்டு கேட்போம். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, இதயக் கோளாறு போன்ற உண்மையான காரணம் உள்ளவர்கள் தயங்காமல் வந்து சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு வேப்பமரத்தடியில் வேறு வேலை வைத்திருக்கிறோம்.

கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று நினைப்பு வருகிறது. உங்களில் எத்தனை பேர் இதற்குத் துணை நிற்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாராவாரம் ஒரு தூக்குவாளி நீர்மோருடன் கரைக்கு வந்து நிற்கும் அம்மாவுக்கு நன்றி. பிள்ளைகள் நடக்க வசதியாகக் கரையில் முள்ளை வெட்டிக்கொடுத்த பாசன விவசாயிகளுக்கு நன்றி. சைக்கிளில் பின்னாலேயே வந்து கடைசிப் பிள்ளை பள்ளி வாசலுக்குள் நுழையும்வரை பார்த்துவிட்டுப் போகிற தாத்தாவுக்குத் தனி நன்றி. அவர் பேரன் எட்டாம் வகுப்புக்குப் போனபின்பும் வருவாரா என்று கேட்டுவைக்க வேண்டும்.

பிப்ரவரி 20 வெள்ளிக்கிழமை, கண்மாய்க்குப் பதிலாகக் காலை 7 மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறோம். தாமரைக் குளம், மலைமேல் சமணச் சிற்பங்கள், இறங்கிவந்து ஆலமரத்தடியில் இட்லி. பதினோரு மணிக்குப் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். அடுத்த ஆண்டு அரிட்டாபட்டிக்குக் கூட்டிப்போக ஆசை இருக்கிறது. 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் மேலூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே உண்டு. நம் பிள்ளைகளின் நோட்டில் இப்போதைக்கு 17தான்.

சமணர் மலைக்கான சம்மதச் சீட்டு கீழே இருக்கிறது. கையெழுத்திட்டு 13ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கூட வரக்கூடிய பெற்றோர் ஐந்து பேர் தேவை. படி ஏறத் தெம்பிருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்

பி.கு.: தண்ணீர் பாட்டில் கட்டாயம். தொப்பி புதிதாக வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கும் துண்டு போதும். அப்பா கையெழுத்தை அப்பாவே போடவும்.