சீனி பூஜ்யம், சரி. இனிப்பு எங்கிருந்து வந்தது?

பானப் பாக்கெட்டுகளில் என்ன அச்சிட வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் விற்கும் பானங்களுக்குச் சீனி, நிறைவுற்ற கொழுப்பு அளவைப் பார்த்து 'ஏ' (நல்லது) முதல் 'டி' (மோசம்) வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் பற்றி உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. 2022 டிசம்பர் 30 முதல் அது நடப்பில் இருக்கிறது. நல்ல திட்டம்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து 'டி' பானங்கள் போய்விட்டன, நன்றி. அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

என் அம்மாவுக்கு 73 வயது. தமிழ் மட்டும்தான் படிப்பார். நானும் மனைவியும் வேலைக்குப் போவதால் ஏழு வயது மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது அவர்தான். நீரிழிவால் அப்பா ஒரு காலை இழந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், பேரனுக்குச் சீனியைக் கண்ணிலேயே காட்டமாட்டார். புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் எண்ணைப் பார்த்து வாங்குவார்: 0%. பச்சையில் ஒரு 'பி'. தினமும் இரண்டு பாக்கெட், நான்கு மாதமாக.

போன வாரம் வீட்டிலேயே பார்லி காய்ச்சி, துளி கற்கண்டு போட்டுக் கொடுத்தார். பையன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினான். "இனிப்பே இல்லை பாட்டி." அம்மா அவனுடைய பாக்கெட்டை எடுத்து ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "சீனி பூஜ்யம்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படிப்பா பாயசம் மாதிரி இனிக்குது?"

திருப்பிப் பார்த்தேன். மடிப்பை ஒட்டி, சுக்ரலோஸ், அசிசல்ஃபேம்-கே என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இரண்டுமே சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பூட்டிகள். கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் எனக்கே படிக்க முடிந்தது. சுக்ரலோஸ் சீனியைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும். துளி கற்கண்டு பாவம், அதனோடு எப்படிப் போட்டி போடும்? அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த ஒன்பது பாக்கெட்டையும் ஒவ்வொன்றாக வெட்டித் தொட்டியில் ஊற்றினார்.

சீனியே இல்லாத பானத்துக்கு ஏன் 'ஏ' கிடைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இனிப்பூட்டி சேர்த்தால் 'ஏ' கிடையாது என்பது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அப்படியானால் உங்களுக்கும் ஒரு தயக்கம் உண்டு. அதை ஓர் எழுத்துக்குள் ஒளித்து வைத்தால் என் அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த எழுத்தைப் போடுவதும் 'சி', 'டி' பானங்களுக்குத்தான் கட்டாயம்.

பீதி கிளப்ப வரவில்லை. 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற இன்னொரு இனிப்பூட்டியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்ததையும், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பே போதும் என்று அன்றைக்கே இன்னொரு குழு சொன்னதையும் படித்திருக்கிறேன். அதே ஆண்டு மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது. பேரனுக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று அம்மா முடிவெடுப்பார். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

கேட்பது ஒன்றுதான். முன்பக்கத்தில், அந்த 'பி' எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக, 'இனிப்பூட்டி உண்டு' என்று போடச் சொல்லுங்கள். நான்கு மொழிகளிலும்.

இடமில்லை என்பார்கள். சிரிக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கு இடமிருக்கிறதே! கட்டுமானத் தளத்தின் தகரத்தில் 'அபாயம்' என்று நான்கு மொழிகளில் எழுத முடிகிற ஊர் இது. தமிழில் எழுத்துப் பிழையோடு போட்டால்கூடப் பரவாயில்லை, அதற்கு நாங்கள் பழகியவர்கள். கடையில் கலக்கித் தரும் பானத்துக்கோ திருப்பிப் பார்க்கப் பின்பக்கமே கிடையாது. அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் அம்மா கடையில் நின்றபடி ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் வேலைக்கு நடுவே பெரிதாக்கிப் படித்து, 'வாங்குங்க', 'வேணாம்மா' என்று பதில் போடுகிறேன். அந்த வேலையைப் பாக்கெட்டே செய்யும்படி, முன்பக்கத்தில், நான்கு மொழிகளிலும், 'இனிப்பூட்டி உண்டு' என்று போட தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
யீஷூனிலிருந்து ஒரு தகப்பன்