கல்லுக் கடற்கரையும் ஆஸ்பத்திரியான அரண்மனையும்

குரோய்டன், லண்டன்,
நவம்பர், திங்கள் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அப்பாவும் ஆச்சியும் சுகமா? போனில் அவசரத்தில் பாதிதான் சொன்னேன். ஆச்சிக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விமானம் ஏறும்போது "போற ஊர்ல கடல் உண்டா?" என்று கேட்டாய் அல்லவா? எட்டு மாதம் கழித்து இப்போதுதான் பார்த்தேன். வார்டில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சனி, ஞாயிறு லீவு கிடைத்தது. கோட்டயத்து அக்கா, பிலிப்பைன்ஸ்காரத் தோழி, நான். குரோய்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிரைட்டன் என்கிற கடற்கரை ஊர். ஸ்டேஷனை விட்டு வந்து நேராக ஒரே இறக்கம். தெரு முடிகிற இடத்தில் கடல் நின்றது. மூன்று பேருமே ஓடினோம்.

ஆனால் அம்மா, மணலே இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் கூழாங்கல். நடந்தால் கால் புதைகிறது, சறுக்குகிறது. அலை ஏறும்போது பெரிதாகச் சத்தம் இல்லை. திரும்பிப் போகும்போதுதான் ஆயிரம் கல்லும் ஒன்றோடொன்று உருளுகிற சத்தம். ஆச்சி சுளகில் புளியங்கொட்டை புடைப்பாளே, அப்படியே அது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு ஒரு கல் கொண்டுவர ஆசைதான். இங்கே கரையிலிருந்து கல் எடுக்கக் கூடாதாம், கரையைக் காப்பதே அந்தக் கல்தானாம். கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டேன்.

கடலுக்குள் நீளமாகப் போகிற ஒரு பாலம் இருக்கிறது, 1899-இல் திறந்தது. மேலே ராட்டினம், சுடச்சுட டோனட், இரண்டு பென்ஸ் காசு போட்டு விளையாடுகிற மெஷின்கள். நம்ம கோவில் கொடைத் திருவிழாவைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் வைத்த மாதிரி. தோழி விளையாடி ஒரு சாவிக்கொத்து ஜெயித்தாள். மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். மிளகாய் கிடையாது, உப்பும் வினிகரும்தான். அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்தது. ஒரு கடற்காக்கை வந்து அக்கா கையிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்துக் கொத்திக்கொண்டு போய்விட்டது. நம்ம காக்காய்க்கு இவ்வளவு துணிச்சல் கிடையாது.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பாலத்துக்கு மேலே ஆயிரக்கணக்கில் குருவிகள், மைனா இனம்தானாம், ஒரே துணியை உதறி மடிப்பதுபோல் வானத்தில் சுற்றின. பிறகு சட்டென்று பாலத்துக்கு அடியில் போய் அடைந்துவிட்டன. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, குளிர்காலம் முழுக்க இதைப் பார்க்க வருவேன் என்றார்.

ஞாயிறு காலையில் ஊர் நடுவிலிருக்கும் அரண்மனைக்குப் போனோம். வெளியே பார்த்தால் சென்னை ஹைகோர்ட்டின் குவிமாடங்கள் ஞாபகம் வரும். இளவரசராக இருந்து பிறகு நான்காம் ஜார்ஜ் மன்னரானவருக்காக ஜான் நாஷ் என்கிற கட்டிடக் கலைஞர் 1815 முதல் 1823 வரை இப்படி மாற்றிக் கட்டியது. சாப்பாட்டு அறையில் ஒரு டிராகன் காலில் பிடித்திருக்கிற சரவிளக்கைப் பார்த்து நாங்கள் அண்ணாந்தே நின்றோம். ஆனால் என்னை அசைத்தது அது இல்லை. முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல், இந்த அரண்மனை பிரான்சில் அடிபட்ட நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிடங்களும் சேர்த்து எழுநூறுக்கும் மேல் படுக்கைகள். அந்தப் படம் ஒன்று பார்த்தேன்: தங்கமும் சித்திரமுமான கூரைக்குக் கீழே, நம் வார்டு மாதிரியே வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விரிப்பு, போர்வையை மூடிப் படுத்திருக்கிற ஆட்கள். அவரவர் முறைப்படி சமைக்க ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் என் கண் போனது. இரவு டூட்டியில் வீட்டு நினைவில் தூங்காமல் கிடக்கிற நோயாளிகளை நான் தினமும் பார்க்கிறேனே. இவர்களிடம் யார் பஞ்சாபியில் இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள்?

மதியம் பஸ்ஸில் ஊர் எல்லைக்குப் போய்க் குன்றில் ஏறினோம். வழியெல்லாம் சேறு, ஆட்டு மந்தை. மேலே வெள்ளைப் பளிங்கில் ஒரு சின்ன மண்டபம், பெயர் சத்ரி. குணமாகாமல் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை எரித்த இடம். 1921-இல் கட்டி முடித்துத் திறந்தார்கள். அந்த 53 பெயர்களும் 2010-இல் பக்கத்திலேயே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். அவர்களுடைய சாம்பலை முந்தின நாள் நாங்கள் கால் நனைத்த அதே கடலில்தான் கரைத்திருக்கிறார்கள். காற்று பலமாக அடித்தது. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் இறங்கினோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று எனக்கு டூட்டி இருக்கிறது; லீவு மார்ச்சில்தான். வரும்போது எல்லோருமாக நம்ம சொத்தவிளைக் கடற்கரைக்குப் போவோம், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு. அப்பாவின் பிரஷர் மாத்திரை தீரும் முன்பே வாங்கிவிடச் சொல். இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன்.

அன்பு மகள்