காசிமேட்டு அக்காவின் எக்ஸ்ரே

தண்டையார்பேட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒரு சேதிக்காகக் காத்திருந்தேன், நேற்று அது கிடைத்துவிட்டது.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவைப் பற்றிச் சொன்னேனே, மேல் முன்பல்லின் வேர் நுனியில் எலும்பு கரைந்து கோலிக்குண்டு அளவுக்குக் குழி விழுந்திருந்ததே, அவர்தான். ஆறு மாதம் முன்பு ஈறைத் திறந்து, சீழ்ப்பையைச் சுரண்டி எடுத்து, வேர் நுனியை எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்ட் வைத்து அடைத்தேன். நேற்றைய எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு வட்டம் பாதிக்கு மேல் வெளுத்திருக்கிறது. "நோவே இல்ல டாக்டரம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படித்து முடித்த புதிதில் ஒருவருக்கு, கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த பேஸ்ட்டை வேர் நுனிக்கு அப்பால் தள்ளிவிட்டேன். மாதக்கணக்கில் வலியோடு வந்துபோனார். கசியாமல் அடைத்தால் போதும் என்று அப்போது நினைத்திருந்தேன். பல்வலிக்கு இதமான அதே யூஜினால், செறிவு கூடினால் எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லைக் கொன்றுவிடும்.

எம்.டி.ஏ. வேறு ஜாதி. அடிப்படையில் வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்ட்தான், எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடு சேர்ந்திருக்கும். மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர். குழைத்தால் ஈர மணல்போல் நறநறக்கும், தண்ணீர் துளி கூடினாலும் ஓடிவிடும். அதிலிருந்து வரும் கால்சியம் உடல்நீரின் பாஸ்பேட்டோடு சேர்ந்து மேலே அபடைட் என்ற தாதுவாகப் படியும். எலும்பின் தாதுவும் அதே இனம் என்பதால் செல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மீதிக் குழிக்குள் பி.ஆர்.எஃப்., அதாவது தட்டணு நிறைந்த ஃபைப்ரின் ஜெல்லி, வைத்தேன். அக்காவின் ரத்தம் 10 மில்லி எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். குழாயின் நடுவில் நுங்குபோல் மஞ்சள் ஜெல்லி. அதில் சிக்கிய தட்டணுக்களிலிருந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் நாள்கணக்கில் மெதுவாக வெளிவரும். இந்த மெதுவில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். டி.ஜி.எஃப்.-பீட்டா முதலில் செல்களைச் சேர்க்கும், பிறகும் விடாமல் இருந்தால் தாது படிவதையே தடுக்கும். எலும்பாக மாறச் சொல்வது பி.எம்.பி. என்ற புரதம். 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்து அங்கேயே புது எலும்பு முளைப்பதைக் காட்டினாரே, அந்தக் கதையை ஹாஸ்டல் மொட்டைமாடியில் நீதான் எனக்குச் சொன்னாய்.

சரி, அக்காவுக்கு வேலை செய்தது எது? சீழ் போனாலே எலும்பு ஓரளவு தானாக வளரும். பங்கு பிரிக்க என் ஒரு எக்ஸ்ரே போதாது. அதற்குத்தான் நீ வேண்டும்.

உன் ஆய்வகத்தில் நீ ஒரு நாள் இறுகவிட்ட எம்.டி.ஏ. வில்லையின் மேல்தானே செல்களை விடுகிறாய்? நான் ஈரமாகவே வைக்கிறேன், மூன்று மணி நேரத்தில் அதன் பி.எச். 12.5-ஐத் தொடுகிறது. அந்தக் காரத்தில் பக்கத்துச் செல் என்ன ஆகிறது? அடுத்த தட்டில் குழைத்த கையோடு ஒன்று வை, பி.ஆர்.எஃப். சாறு விட்டும் ஒன்று வை. தாது படிந்த இடத்தைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம் எதில் கூட விழுகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி