ரோமானியருக்கு முன்பே எழுந்த எம்போரியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரையில் உள்ள எம்பூரியஸ் (கிரேக்கர் இட்ட பெயர் எம்போரியன்) இடிபாடுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். எனினும், அதனை ரோமானிய நகரம் என்று மட்டும் குறித்திருப்பது அவ்வூரின் முதல் மூன்றரை நூற்றாண்டு வரலாற்றையே மறைத்துவிடுகிறது.

ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) ஃபொக்கேயா நகரத்துக் கிரேக்க வணிகர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டில், முதலில் கரையோரச் சிறு தீவிலும் பின்னர் எதிரேயுள்ள நிலப்பரப்பிலும் குடியேறி உருவாக்கிய ஊர் அது. ரோமானியப் படை அங்கு வந்திறங்கியது கி.மு. 218இல்தான். அண்டையில் வாழ்ந்த பூர்வகுடிகளான ஐபீரியருடன் நாள்தோறும் வணிகம் செய்தபடியே, இரவில் குடிமக்களுள் மூன்றில் ஒரு பகுதியினர் மதிலில் நின்று காவல் காத்தனர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருப்பது, அயல்மண்ணில் அவர்கள் வாழ்ந்த வாழ்வை நம் கண்முன் நிறுத்துகிறது. பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய அவர்களது அலைதடுப்புச் சுவர் இன்றும் அந்த மணற்பரப்பில் நிற்கிறது. 1909இல் கிடைத்த அஸ்க்லேப்பியோஸ் என்னும் மருத்துவக் கடவுளின் பளிங்குச் சிலையைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

‘எம்போரியன்’ என்றால் கிரேக்க மொழியில் வணிகத் துறைமுகம். கிரேக்கப் புவியியலாளர் தாலமி நம் காவிரிப்பூம்பட்டினத்தையும் ‘கபேரிஸ் எம்போரியன்’ என்றே குறிக்கிறார். ஆகவே, அந்நகரின் கிரேக்கப் பகுதியைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை