கோணமலையைக் கடல்வழி பார்க்க ஒரு துறை வேண்டும்

திருகோணமலையின் கடலுக்கும் கரைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன ஆனியில் 74 வயதான என் அம்மாவைக் கொட்டியாரக்குடாவின் கிழக்கு முனைக்கு வள்ளத்தில் கூட்டிப்போனேன். 1863இல் வெள்ளைக்காரர் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. அம்மா மூதூரில் பிறந்தவர். சின்ன வயதில் லோஞ்சில் பட்டணத்துக்கு வரும்போது தூரத்தில் கண்டதோடு சரி, ஒருநாளும் கிட்டப் போனதில்லை. வள்ளம் கரையில் முட்டியதும் அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நாங்கள் இறங்கிய இடத்தில் கால் வைக்க ஒரு பலகைகூட இல்லை. ஓட்டிவந்த தம்பி முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து, "தோளைப் பிடிச்சுக்கொண்டு என்ர துடையில காலை வையுங்கோ அம்மா" என்றார். அம்மா வைத்தார். சீலை இடுப்புவரை நனைந்துவிட்டது. ஈரத்தோடேயே நின்று வெளிச்சவீட்டை அண்ணாந்து பார்த்தார்.

எங்கள் ஊரின் கதை கடலில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். தெருவழியே கோட்டை வாசலால் நுழைந்து கோணேசரைக் கும்பிட்டு வருகிறோம். வாசல் தூணில் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் இருப்பதை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? படகில் மலையடிக்குப் போனால் இராவணன் வெட்டு என்ற பாறைப்பிளவு தலைக்கு மேலே செங்குத்தாக எழும்புகிறது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலும், அந்தக் கற்களால் அவர்கள் எழுப்பிய கோட்டையும் ஒரே பாறையில், ஒரே பார்வைக்குள் வருகின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் நண்பர் மைக் வில்சனும் சுழியோடிக் கோயிலின் மிச்சங்களைக் கண்டது அதே தண்ணீருக்கு அடியில்தான். பழைய கோட்டை இருக்கும் ஒஸ்டன்பேர்க் முனையைச் சுற்றி உள்ளே திரும்பும்போது, இந்தத் துறைமுகத்துக்காக ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏன் அடிபட்டார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெற்கே மூதூர். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகக் கொட்டியாரத்தில் நங்கூரம் போட்டது. 1660இல் அதன் கப்டனையும் மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பியது 1679இல். அந்தக் கப்பல் நின்ற தண்ணீரில் நின்று இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இப்படிக் கடல்வழியே ஊரைப் பார்க்க வேகப்படகு சரிவராது. வெளிநாடுகளில் ட்ரோலர் என்னும் இழுவைமடிப் படகின் வடிவில் கூரையும் அறையும் கட்டிய படகுகளில் கரையோரமாக ஊர் ஊராய்ப் போகிறார்கள். மணிக்கு ஏழெட்டுக் கடல்மைல்தான் ஓடும், டீசலும் குறையக் குடிக்கும், வயசானவர்கள் நிழலில் இருக்கலாம். ட்ரோலர் என்றதும் எங்கள் மீனவர்களுக்கு வயிறு எரியும், அது நியாயமான எரிச்சல். இழுவைமடி கடலின் அடியையே வாரிக்கொண்டு போகிறது. 2017இல் சட்டத்தால் தடைசெய்ததும் அதனால்தான். நான் கேட்பது மடி இல்லாத, ஆள் ஏற்றும் படகு. அதற்கான அனுமதி முதலில் எங்கள் மீனவக் குடும்பங்களுக்கே கிடைக்க வேண்டும். இந்தக் கடலின் கல்லும் நீரோட்டமும் அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிச்சவீட்டு முனையில் ஒரு சிறிய இறங்குதுறை கட்டுங்கள். பிடித்து ஏறக் கைப்பிடி வேண்டும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் நங்கூரம் போட்டால் முருகைக்கல் உடையும். கட்டி நிற்க மிதவைகள் போடுங்கள். படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். இறங்கும் இடங்களில் வைக்கும் பலகைகளில் தமிழ் பிழையில்லாமல் இருக்கட்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், மாதத்தில் ஒருநாளாவது பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

வாடை தொடங்கினால் இந்தக் கடலில் இறங்க முடியாது. சித்திரையில் மறுபடி அடங்கும். வாடைக்கு முன்னமே துறைக்கு இடம் பார்க்க நீங்கள் வருவதானால் அந்தத் தம்பியும் நானும் வள்ளத்தோடு காத்திருப்போம். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து ஒரு மகள்