இன்றே மருத்துவரைப் பார்

அன்பு நண்பா,

உன் மின்னஞ்சலைப் படித்ததும் அழைத்தேன். நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. அதைப் பிறகு ஆற அமரப் பேசுவோம். வீட்டின் உட்கூரைக்கு வண்ணம் பூசிய மறுநாள் வலது கை முழுவதும் வீங்கிவிட்டது, சுளுக்குத்தான், தைலம் போட்டு நீவிக்கொண்டிருக்கிறேன் என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

முதலில் நீவுவதை நிறுத்து. சுளுக்கென்றால் பிடித்துக்கொண்ட இடத்தைச் சுற்றித்தான் வீங்கும். தோள் முதல் விரல்வரை ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கிக் கனப்பது வேறு. கையின் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய சிரை, கழுத்துக்குக் கீழே தோள்வரை செல்லும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நெருக்கமான இடுக்கு வழியாகச் செல்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கியே நெடுநேரம் வேலை செய்தால், சிலருக்கு அது அங்கே நசுங்கி உள்ளே ரத்தம் உறைந்துவிடும். உடம்பில் வலு இருக்கிறதே என்று இருந்துவிடாதே. நீச்சல் வீரர்களுக்கும் பளு தூக்குபவர்களுக்கும் வருகிற நோய் இது. உறைந்த கட்டியிலிருந்து ஒரு துண்டு பிரிந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அதுவேதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வெளியிலிருந்தே பார்க்கும் சோதனை, வலி இருக்காது. உறைவு இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குவார்கள், வழக்கமாகக் குறைந்தது 3 மாதங்களுக்கு. கை நீலம் பாய்ந்திருக்கிறதா, தோளிலும் மார்பிலும் நரம்புகள் புடைத்துத் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பார். ஆனால் அவை இல்லையென்பதற்காக நாளைக்குத் தள்ளிப்போடாதே. அண்மையில் கையிலோ கழுத்திலோ மருந்து ஏற்றச் சிரைக்குள் ஊசிக்குழாய் போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல். மோதிரத்தை இப்போதே கழற்றிவிடு, பிறகு கழற்ற வராது.

என் மனைவிக்கு மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீங்கியது உனக்குத் தெரியும். அது நிணநீர் தேங்கியதால் மெல்ல மெல்ல வந்த வீக்கம். அழுத்த உறை அணிந்து இப்போது நன்றாகவே சமாளிக்கிறாள். அவளுக்கும் கை திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். தோலுக்கடியில் கிருமித் தொற்று விரைவாகப் பரவுமாம்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கை வெளிறிச் சில்லிட்டு மரத்துப்போனாலோ வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்து நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ. அதெல்லாம் இல்லையென்றாலும் இன்று மாலைக்குள் மருத்துவரைப் பார்த்துவிடு. நீ வண்டி ஓட்டாதே, தம்பியை அழைத்துக்கொள். ஸ்கேன் முடிந்ததும் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்.

உன் அன்பு நண்பன்